மாரியில் பச்சையாகிப் போன வீட்டு நீச்சல் தடாகத்தைச் சித்திரைக்கு முன் தெளிய வைப்பது எப்படி?

திருகோணமலையில் மாரிமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும், கவனிப்பாரின்றிக் கிடந்த நீச்சல் தடாகம் ஒரு வாரத்துக்குள் பச்சையாகிவிடும். அலஸ்தோட்டத்தில் எங்கள் வீட்டுத் தடாகத்தை முதன்முதலாக நானே துப்புரவு செய்யத் துணிந்த வருடம் அதற்கு 22 நாட்கள் பிடித்தன. சித்திரை விடுமுறைக்கு வந்த அண்ணனின் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து கலங்கல் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். அடுத்த வருடம் அதே தடாகத்தை ஆறு நாட்களில் தெளிய வைத்தேன். பாசியில் பெரும்பகுதியைக் கொல்வது ஓரிரவு வேலை என்பதும், செத்த பாசியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதற்குத்தான் மிகுதி நாட்கள் செலவாகின்றன என்பதும் அதற்குள் எனக்கு விளங்கியிருந்தன. கீழுள்ள ஒழுங்கு அந்த ஆறு நாட்களின் ஒழுங்கு. மணல் வடிகட்டி பொருத்திய, குளோரின் பாவிக்கும் சாதாரண வீட்டுத் தடாகத்துக்கு இது பொருந்தும்.

1. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

சித்திரைப் புத்தாண்டுக்குத் தடாகம் வேண்டுமென்றால் மாசி மாதக் கடைசியில் வேலையைத் தொடங்குங்கள். அதற்கு முன் தொடங்கினால் மிச்சமிருக்கும் மழை ஒன்று வந்து நீங்கள் இட்ட மருந்தை ஐதாக்கி வழியவிட்டுவிடும். பங்குனி நடுவில் தொடங்கினாலோ தண்ணீர் சூடேறிப் பாசி இன்னும் வேகமாகப் பெருகும். அத்தோடு உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளும் பருவகாலத்துக்கு ஆயத்தமாகும் நேரம் அது என்பதால் கடைகளில் குளோரினுக்குத் தட்டுப்பாடு வரும். மருந்துகளைத் தேடிச் சேர்க்கப் பத்து நாட்கள், துப்புரவுக்கு ஒரு வாரம், எதிர்பாராத தடங்கலுக்கு இன்னொரு வாரம் என்று கணக்கிடுங்கள்.

2. தண்ணீரை முழுவதும் இறைத்துவிடாதீர்கள்

அயலவர், மேசன், தோட்டத்துக்கு வருபவர் என எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: "பம்பியைப் போட்டு இறைத்துவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் விடுங்கள்." கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும், மாரி முடிந்த கையோடு கரையோர மணற்றரையில் இதைச் செய்வது பெரிய ஆபத்து. அப்போது நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும். உங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கிணற்று நீர் நிற்கும் மட்டம் தடாகத்தின் அடித்தளத்தை விட உயரமாக இருந்தால், அதே நீர் தடாகத்தின் அடியிலும் நின்று மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளேயிருக்கும் தண்ணீரின் பாரம்தான் அந்தத் தள்ளலுக்கு எதிராகத் தடாகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பாரத்தை நீக்கினால் கொங்கிறீற்றுத் தளம் வெடிக்கலாம். கண்ணாடியிழைத் தடாகமென்றால் முழுத் தொட்டியுமே தோணிபோல மேலே கிளம்பலாம். அதன் பிறகு பாசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே இருக்காது.

செலவுக் கணக்கும் முழுவதும் இறைப்பதற்கு எதிரானதுதான். எங்கள் தடாகம் 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்டது. ஆழம் ஒரு பக்கம் 1 மீற்றர், மறுபக்கம் 1.8 மீற்றர், சராசரி 1.4 மீற்றர். மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 45 கனமீற்றர், அதாவது 45,000 லீற்றர். குழாய்நீர்க் கட்டணத்தில் ஒரு கனமீற்றர் ஓர் அலகு என்பதாலும், அலகு கூடக்கூட விலைப்படியும் ஏறுவதாலும், ஒரே மாதத்தில் 45 அலகை மேலதிகமாக எடுப்பவருக்கு வரும் பட்டியல் மருந்துச் செலவை விழுங்கிவிடும். பவுசரில் வாங்குவது அதைவிடச் செலவு.

முழுவதும் இறைப்பதைத் தவிர்க்கவே முடியாத நிலை ஏற்பட்டால் ஆவணி, புரட்டாதியில் கிணற்று மட்டம் நன்றாக இறங்கிய பின், தடாகம் கட்டியவரைக் கேட்டு அடித்தளத்தில் அழுத்த விடுவிப்பு வால்வு உள்ளதா என்று அறிந்துகொண்டு செய்யுங்கள்.

3. கைவசம் இருக்க வேண்டிய தாள்கள்

தடாகத்துக்கு ஆவணமா என்று முதல் வருடம் நானும் சிரித்தேன். இப்போது ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். அதில் தடாகத்தின் அளவுகள், வடிகட்டியின் அளவு, மணல் மாற்றிய வருடம், பம்பியின் வலு ஆகியவை எழுதிய கட்டுமானத் தாள் முதலில் இருக்கிறது. அடுத்து மருந்துகளின் பற்றுச்சீட்டுகளும், பொதிகளின் மேலட்டையிலிருந்து வெட்டியெடுத்த பகுதியும். அந்த அட்டையில்தான் குளோரினின் சதவீதமும் உற்பத்தித் திகதியும் உள்ளன. மூன்றாவதாக, கிணற்று நீர் பாவிப்பவர்கள் அதன் பரிசோதனை அறிக்கையை வைத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கடினத்தன்மை, உவர்த்தன்மை ஆகிய மூன்றையும் கேட்டுப் பரிசோதிப்பியுங்கள். இரும்பு கூடிய நீரில் குளோரின் விழுந்தால் சில மணிநேரத்தில் தேநீர் நிறமாகிவிடும். அதைப் பாசி என்று நினைத்து மேலும் குளோரின் கொட்டுபவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு கொப்பி. திகதி, நேரம், பீ.எச். (தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்), குளோரின், வடிகட்டியின் அழுத்தம், இட்ட மருந்தின் அளவு என ஆறு நிரல்கள் போதும். எங்களிடம் நுளம்புப் பரிசோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பச்சைத் தண்ணீரைக் கண்டு முகம் சுளித்தபோது, அன்று காலைவரை எழுதியிருந்த கொப்பியை நீட்டியதும் பேச்சின் தொனி மாறியது. தேங்கிய தடாகம் நுளம்பு பெருகும் இடமென்பதால் அவர் கேட்பதில் தவறில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலும் பொறுப்பு உரிமையாளருடையதே.

4. வாங்க வேண்டியவையும் செலவும்

ஒரு நல்ல பரிசோதனைப் பெட்டியே முதற் செலவாக இருக்கட்டும். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான பெட்டி மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். வேலை செய்யக்கூடிய குளோரின் எவ்வளவு, செலவழிந்து பயனற்றுப்போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. வகையையே கேட்டு வாங்குங்கள். காரத்தன்மையையும், வெயிலில் குளோரின் உடையாமல் காக்கும் சயனூரிக் அமிலம் எனப்படும் நிலைப்படுத்தியையும் அளக்கும் பெட்டியாக இருந்தால் மிக நல்லது.

குளோரினில் இங்கே மூன்று வகைகள் கிடைக்கும். கிணறுகளுக்கு இடும் ரி.சி.எல். தூள் மலிவானது, ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் குளோரின், மிகுதி சுண்ணாம்பாக அடியில் படியும். 65 முதல் 70 சதவீதம் கொண்ட கல்சியம் ஐப்போகுளோரைற்று மணிகளே இந்த வேலைக்கு ஏற்றவை. 90 சதவீதம் என்று எழுதப்பட்ட வெள்ளை வில்லைகள் பின்னர் நாளாந்தப் பராமரிப்புக்கு உதவும். பாசியைக் கொல்வதற்கு வேண்டாம், ஏனெனில் அவை ஒவ்வொரு தடவையும் நிலைப்படுத்தியைக் கூட்டிக்கொண்டே போகும், அது கூடக்கூடக் குளோரின் மந்தமாகும்.

உற்பத்தித் திகதி தெரியாத தூளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். திறந்த பரலிலிருந்து அள்ளி நிறுத்துத் தந்த நாலு கிலோவை முதல் வருடம் நான் வாங்கி வந்தேன். கையில் கட்டிகட்டியாக உடைந்தது, மூக்கில் ஏறவேண்டிய மணமும் இல்லை. இரண்டு நாட்கள் போட்டும் பரிசோதனைக் குழாயில் நிறம் ஏறவில்லை. பாசி வலிமையானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது உண்மையில் தூள்தான் செத்துப்போயிருந்தது.

இவற்றோடு ஐதரோக்குளோரிக் அமிலம், அப்பச்சோடா, நீண்ட பிடியுள்ள நைலோன் தூரிகை, அள்ளுவலை, உறிஞ்சித் தலையும் குழாயும், இறப்பர் கையுறை, கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை தேவை. கொங்கிறீற்றுச் சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிய பாசி இருந்தால் மட்டும் உருக்குக் கம்பித் தூரிகை வாங்குங்கள். கண்ணாடியிழையில் அது கீறிவிடும். துத்தம் போடச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. அதிலுள்ள செம்பு பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அது தண்ணீரிலேயே தங்கிச் சுவரில் கறை பிடிக்கும், வெளிர்நிறத் தலைமுடியைப் பச்சையாக்கும்.

பலர் கணக்கில் சேர்க்காத செலவு மின்சாரம். ஒரு கிலோவாற்று இழுக்கும் பம்பி இரவுபகலாக ஓடினால் நாளொன்றுக்கு 24 அலகு, ஐந்து நாட்களுக்கு 120 அலகு. வீட்டுப் பாவனையோடு சேர்ந்து இது மிக உயர்ந்த கட்டணப் படிக்குள் விழலாம். மானி வாசிப்பவர் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பாக வேலையைத் தொடங்கினால் இந்தப் பாரம் இரண்டு மாதப் பட்டியல்களுக்குப் பிரிந்து போகும்.

5. முதலில் குப்பையை அள்ளுங்கள்

குளோரின் பாசியையும் இலையையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அடியில் ஒரு சாண் வேப்பஞ்சருகு அழுகிக் கிடக்கும் தடாகத்தில் நீங்கள் போடும் மருந்தில் பெரும்பகுதி சருகை எரிப்பதற்கே போய்விடும். ஆகவே வலையால் அடிவரை துழாவி அள்ளுங்கள். கறுத்த தண்ணீரில் கால் வைக்காதீர்கள். வாற்பேய்களுக்கும் தவளைகளுக்கும் பின்னால் பாம்பும் வந்திருக்கக்கூடும். அள்ளிய சேற்றை வடிகட்டிக்குள் போகவிடாமல் வெளியே கொட்டுங்கள். பம்பியின் முன்கூடையையும் மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடையையும் கழுவி வையுங்கள். அடி கண்ணுக்குத் தெரியாததால் நாலைந்து தடவை குருட்டுத்தனமாகத் துழாவ வேண்டியிருக்கும். வலை வெறுமையாக வரும்வரை நிறுத்தாதீர்கள்.

6. குளோரினுக்கு முன் பீ.எச்.

பீ.எச். 7.2க்கு இறங்கிய பின்பே குளோரினைத் தொடுங்கள். பீ.எச். 7.5இல் குளோரினில் ஏறத்தாழ அரைவாசி மட்டுமே கிருமியையும் பாசியையும் வேகமாகத் தாக்கும் வடிவில் இருக்கும். 8க்கு ஏறினால் அது கால்வாசிக்கும் கீழே போய்விடும். பாசி பெருகிய தண்ணீரில் பீ.எச். பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். பம்பி ஓடிக்கொண்டிருக்கையில் அரை லீற்றர் அமிலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஆழமான பக்கத்தில் மெதுவாகச் சுற்றி ஊற்றுங்கள். ஒரு மணிநேரம் கழித்து அளந்து, தேவையென்றால் மீண்டும் அரை லீற்றர் இடுங்கள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அமிலம்; இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

காரத்தன்மை இலீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராமுக்குள் நிற்பது நல்லது. மழைநீர் நிறைந்த தடாகங்களில் அது பெரும்பாலும் தாழ்ந்திருக்கும், அப்பச்சோடாவால் உயர்த்தலாம். இந்தக் கட்டத்தை நாளைக்கென்று தள்ளிவைக்கவும் முடியாது, ஏனெனில் குளோரின் மட்டம் உயர்ந்த பிறகு பீ.எச். சோதனைத் துளிகள் பொய் நிறம் காட்டத் தொடங்கிவிடும்.

7. குளோரின் இரவு

வெயில் குளோரினை உடைத்துவிடுவதால், நிலைப்படுத்தி இல்லாத தண்ணீரில் நண்பகலில் இட்டது சில மணிநேரத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். பொழுது பட்ட பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் சுவர், மூலை, படிக்கட்டின் பின்புறம், ஏணியின் கீழ்ப்பிடி, ஸ்கிம்மரின் வாய் எல்லாவற்றையும் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். பாசிக்கு வழுவழுப்பான மேற்பூச்சு உண்டு. அதைக் கிழிக்காவிட்டால் குளோரின் மேலால் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் தடாகத்தில் தண்ணீருக்கடியிலுள்ள மின்விளக்கின் பின்குழியில் கைப்பிடி அளவு பச்சைக்கூழ் இருந்தது. மற்ற இடமெல்லாம் தெளிந்த பின்னும் மூன்று நாட்களுக்கொருமுறை பச்சை திரும்பியதன் காரணம் அதுதான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்தக் குழிகளையும் பாருங்கள்.

அளவுக் கணக்கு எளிது. ஒரு கனமீற்றருக்கு ஒரு கிராம் தூய குளோரின் இட்டால் மட்டம் இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் உயரும். 45 கனமீற்றரில் மட்டத்தை 10க்கு உயர்த்த 450 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீத மணிகளில் அது ஏறக்குறைய 700 கிராம், ரி.சி.எல். தூளில் ஏறக்குறைய ஒரு கிலோ 400 கிராம். எந்த மட்டம் வரை உயர்த்துவது என்பது நிலைப்படுத்தியைப் பொறுத்தது; அதன் அளவில் ஏறத்தாழ 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலைப்படுத்தி 30 என்றால் குளோரின் 12, 50 என்றால் 20. அது 80ஐத் தாண்டியிருந்தால் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதே மலிவு.

மணிகளை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரைச் சுற்றிவர ஊற்றுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீருக்குள் தூளை இடுங்கள். வில்லைகள் இருந்த பாத்திரத்தில் மணிகளைப் போட்டால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். அமிலம்பட்ட வாளியில் போட்டால் நச்சுவாயு கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் தனி வாளியும் தனி அகப்பையும் வைத்து, மேலே பெயிண்டால் எழுதிவிடுங்கள். குளோரினை மண்ணெண்ணெய், பெற்றோல், உரம் ஆகியவற்றோடு ஒரே அறையில் வைக்கவோ, வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிடவோ வேண்டாம்.

என்னை மிக மோசமாக ஏமாற்றிய விடயம் இனித்தான் வருகிறது. புதுத்தூள் கிடைத்த இரவில் குளோரின் இட்டு ஒரு மணிநேரம் கழித்து அளந்தபோது, துளி விழுந்ததும் ஒரு கணம் சிவந்த நீர் உடனே நிறமற்றுப் போனது. குளோரின் எல்லாம் பாசியில் செலவழிந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஒரு கிலோ இட்டேன், அடுத்த மணிநேரத்தில் இன்னொரு கிலோ. குளோரின் மிகக் கூடினாலும் சோதனைத் துளியின் நிறம் வெளுத்துப் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு பங்கு தடாக நீருடன் நாலு பங்கு போத்தல் குடிநீர் கலந்து அளந்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

8. மட்டத்தைத் தாங்கிப் பிடித்தல்

ஓர் இரவோடு நிறுத்தினால் எஞ்சியிருக்கும் பாசி இரண்டு நாளில் மீண்டுவிடும். காலை, மதியம், மாலை என்று அளந்து, குறைந்த அளவை மட்டும் நிரப்பிக்கொண்டிருங்கள். முதல் நாள் அது விறுவிறுவென்று இறங்கும். பிறகு இறக்கம் மெதுவாகும். பச்சை மறைந்து தண்ணீர் சாம்பல் கலந்த பால்போலானால் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். தோற்றத்தில் அது பழையதைவிட அசிங்கமாகவே இருக்கும். மனம் தளர்ந்து பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

9. வடிகட்டியின் நாட்கள்

பம்பியை நிறுத்தாதீர்கள். வடிகட்டியைக் கழுவிய உடன் அழுத்தமானி காட்டும் எண்ணைப் பெயிண்டால் குறித்துக்கொண்டு, அதைவிட 8 முதல் 10 பீ.எஸ்.ஐ. ஏறியதும், வடிகட்டி வால்வின் கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டுப் பின்னோட்டமாகக் கழுவுங்கள். முதல் நாளில் இரண்டு மணிநேரத்துக்கொரு தடவைகூடத் தேவைப்படலாம். பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு அரை நிமிடம் அலசும் நிலையில் ஓடவிட்டு, அதன்பின் வழமைக்குத் திருப்புங்கள். கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பம்பியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் இறப்பர் வளையம் கிழியும். மின்வெட்டு வந்து போனால் பம்பி தண்ணீர் பிடித்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். வெறுமையாக ஓடி எரிந்த மோட்டருக்குக் கொடுக்கும் காசில் இரண்டு வருடக் குளோரின் வாங்கலாம்.

வடிகட்டி மணல் ஐந்தாறு வருடம் பழையதென்றால் மாற்றிவிடுங்கள். நிலாவெளிக் கடற்கரையில் மணலுக்கா பஞ்சம் என்று என்னிடம் ஒருவர் கேட்டார். கடல் மணலில் சிப்பித்துண்டுகளும் உப்பும் இருக்கும், பருமனும் ஒன்றுபோலிராது, 0.4 முதல் 0.8 மில்லிமீற்றர் அளவில் சலித்த சிலிக்கா மணலே வேண்டும்.

நாலாம் நாளும் பால்போலவே நின்றால் ஆலம் (படிகாரம்) பாவிக்கலாம். குளோரின் பாசியை முழுவதும் கொன்ற பிறகே அதை இடுங்கள். வடிகட்டியைத் தவிர்த்துச் சுற்றும் நிலையில் பம்பியை வைத்து, பொதியில் குறித்த அளவில் கரைத்து ஊற்றி, ஒரு மணிநேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரவு முழுவதும் அசையாதிருந்தால் காலையில் அடியில் சாம்பல் நிறத்தில் மெத்தைபோலப் படிந்திருக்கும். அதை நேராகக் கழிவுக்குப் போகும் நிலையில், புழுதி கிளம்பாமல், மிக மெதுவாக உறிஞ்சியெடுங்கள். எங்கள் அளவுத் தடாகத்தில் 10 சென்றிமீற்றர் மட்டம் இறங்கினால் 3,200 லீற்றர் போகும். உறிஞ்சும்போதே குழாயால் நிரப்பிக்கொண்டிருங்கள். இந்தக் கழிவுநீரில் குளோரின் இருப்பதால் கிணற்றடிக்கோ அயலவர் வளவுக்கோ கடற்கரைக்கோ விடாமல், ஒரு குழியில் சில நாட்கள் வெயில்பட விட்டு ஊறவிடுங்கள்.

10. இறங்கலாமா?

இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் குளோரினை அளங்கள். இடையில் வெயில் இல்லாததால், மட்டம் ஒன்றுக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீரில் இன்னும் உயிருள்ள பாசி குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. அப்படியானால் எட்டாம் படிக்குத் திரும்புங்கள். குறைவு ஒன்றுக்குள் நின்றால் மருந்திடுவதை நிறுத்தி, குளோரின் 3 மட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, பீ.எச். 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

பிள்ளைகள் எவ்வளவு அவசரப்பட்டாலும், தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாளில் யாரையும் இறங்கவிடாதீர்கள்; அடியில் ஒருவர் அகப்பட்டால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. நான் ஆழமான பக்கத்தில் நின்று அடிவடிகால் மூடியின் திருகாணிகளை எண்ணிப் பார்ப்பேன். எங்களுடையதில் நாலு உண்டு. ஆறாம் நாள் மாலை மூன்றுதான் தெரிந்தன. நாலாவதன்மேல் ஒரு வேப்பஞ்சருகு கிடந்தது. அதை வலையால் எடுத்த பிறகே படலையைத் திறந்தேன்.